வருமான வரி கட்டணுமா? வீட்டுக் கம்ப்யூட்டர் முன் உட்காருங்கள்!

2024 டிசம்பர் மாதத்தை நினைத்துப் பாருங்கள். 13ஆம் தேதி வெள்ளிக்கிழமை திருவண்ணாமலையில் கார்த்திகை மகா தீபம். 14ஆம் தேதி இரண்டாவது சனிக்கிழமை என்பதால் வங்கிகளுக்கு விடுமுறை. 15ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. சனி மாலையிலிருந்தே பவுர்ணமி கிரிவலம். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்க மனிதத் தலைகள். அந்தப் பாதையில் மலைக்குப் பின்புறம் இருக்கும் அடி அண்ணாமலையிலிருந்து டவுனுக்கு ஒரு டூவீலர் கூட எளிதில் போக முடியாது.

அதே டிசம்பர் 15தான் முன்கூட்டிய வரியின், அதாவது அட்வான்ஸ் டாக்ஸின், மூன்றாவது தவணைக்குக் கடைசி நாள்! அடி அண்ணாமலையில் தங்கும் விடுதி நடத்தும் ஒருவர் அன்று வரி கட்ட வேண்டும் என்றால் என்ன செய்திருப்பார்? கடைசி நாள் வங்கி விடுமுறையில் வந்தால் அடுத்த வேலை நாளில் கட்டலாம் என்ற சலுகை உண்டு. அதன்படி திங்கட்கிழமை டவுனுக்குப் போய் வரிசையில் நின்றிருக்கலாம். ஆனால், வீட்டில் கம்ப்யூட்டரும் இன்டர்நெட் இணைப்பும் இருந்தால், தீபம் பார்த்து விட்டு வந்து, இரவு பத்து மணிக்குச் சாவகாசமாக உட்கார்ந்து கட்டி முடித்திருக்கலாம்.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர் அதில் படம் பார்க்கிறார்கள், மெயில் அனுப்புகிறார்கள், ரயில் டிக்கெட் எடுக்கிறார்கள். வரி என்று வந்தால் மட்டும் "அது ஆடிட்டர் வேலை" என்று ஒதுங்கி விடுகிறார்கள். கணக்குப் போடுவதற்கு ஆடிட்டர் உதவி தேவைப்படலாம். போட்ட கணக்கில் வரும் பணத்தைக் கட்டுவது நீங்களே செய்யக் கூடிய வேலைதான். ஆனால், ஒரு எச்சரிக்கை. பணம் கட்டுவது ஐந்து நிமிட வேலை. எந்த ஆண்டுக்கு, எந்தத் தலைப்பில் கட்டுகிறோம் என்பதைச் சரியாகத் தேர்ந்தெடுப்பதில்தான் கவனம் வேண்டும். அதில் தவறினால், பணமும் போய், பாக்கியும் அப்படியே நிற்கும். எப்படி என்று பார்க்கலாம்.

முன்பு எப்படி?

ஒரு காலத்தில் வரி கட்ட நான்கு பிரதி சலானைப் பூர்த்தி செய்து வங்கி கவுன்டரில் நிற்க வேண்டும். 2004ஆம் ஆண்டில் "ஓல்டாஸ்" என்ற கம்ப்யூட்டர் கணக்கு முறை வந்த பின்னர், கிழித்துத் தரும் துண்டுடன் கூடிய ஒரே சலான் போதும் என்றானது. 2008 ஏப்ரல் 1 முதல், நிறுவனங்களும், கணக்குத் தணிக்கை கட்டாயம் உள்ளவர்களும் இன்டர்நெட் வழியாகத்தான் கட்ட வேண்டும் என்று விதி வந்தது. 2021 ஜூன் 7 அன்று வருமான வரித் துறை தன் புதிய இணைய தளத்தைத் திறந்தது. 2022இல் அதே தளத்தில் "இ-பே டாக்ஸ்" என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. இன்று வரி கட்டுவதற்கான வாசல் இதுதான். பழைய 280 எண் சலானைப் பற்றி யாராவது சொன்னால் குழம்ப வேண்டாம். அந்த வேலையைத்தான் இப்போது இ-பே டாக்ஸ் செய்கிறது.

எவ்வளவு கட்ட வேண்டும்?

"பென்ஷனில்தான் பிடித்து விடுகிறார்களே, வங்கியிலும் பிடிக்கிறார்களே, இன்னும் எதற்கு வரி?" இது ஓய்வு பெற்ற பலரின் கேள்வி. ஒரு கணக்கைப் பார்த்தால் விடை தெரியும்.

அடி அண்ணாமலையில் வசிக்கும், 66 வயதான ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஒருவரை எடுத்துக்காட்டாக வைத்துக் கொள்வோம். 2025-26 நிதியாண்டில் அவருடைய பென்ஷன் 8,40,000 ரூபாய். ஓய்வு பெற்றபோது வந்த பணத்தை வங்கியில் போட்டதில் வட்டி 3,60,000 ரூபாய். மாடி வீட்டை வாடகைக்கு விட்டதில் 2,40,000 ரூபாய்.

புதிய வரி முறைப்படி பென்ஷனில் நிலையான கழிவு 75,000 போக 7,65,000. வாடகையில் 30 சதவீதம் கழித்தால் 1,68,000. வட்டி முழுவதும் 3,60,000. ஆக மொத்தம் 12,93,000 ரூபாய்.

முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம், 20,000. அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 10 சதவீதம், 40,000. மீதி 93,000க்கு 15 சதவீதம், 13,950. மொத்த வரி 73,950. இதன் மேல் 4 சதவீத செஸ் 2,958. ஆக 76,908 ரூபாய்.

வங்கி வட்டியில் 10 சதவீதம், 36,000 ரூபாய் டி.டி.எஸ். பிடித்திருக்கும். பென்ஷன் தரும் கருவூலத்துக்குப் பென்ஷன் கணக்கு மட்டுமே தெரியும். 12 லட்சம் வரை வருமானம் உள்ளவர்களுக்குப் புதிய முறையில் வரித் தள்ளுபடி உண்டு. அதனால் கருவூலம் எதுவும் பிடிக்காது. வட்டி, வாடகை எல்லாம் சேர்ந்து 12 லட்சத்தைத் தாண்டியது அவர்களுக்குத் தெரிய வழியில்லை. எனவே, 76,908இல் 36,000 போக 40,908 பாக்கி. பத்து ரூபாய்க்கு முழுமையாக்கினால் 40,910 ரூபாய். இதுதான் அவர் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை.

பிடித்த வரி எவ்வளவு என்பதை நீங்கள் ஊகிக்க வேண்டாம். வருமான வரித் தளத்தில் லாக் இன் செய்தால், படிவம் 26 ஏ.எஸ்., ஏ.ஐ.எஸ். என்ற ஆண்டுத் தகவல் அறிக்கை இரண்டும் கிடைக்கும். உங்கள் பெயரில் வந்த வட்டி, பிடித்த வரி ஆகியவை அதில் பட்டியலாக இருக்கும்.

மூன்று தலைப்புகள்

தனி நபர் கட்டும் வரி பெரும்பாலும் மூன்று தலைப்புகளில் ஒன்றில் வரும். திரையில் இவற்றின் பக்கத்தில் ஒரு எண்ணும் இருக்கும். அந்த எண்ணை நினைவில் வைத்தால் போதும்.

100 - அட்வான்ஸ் டாக்ஸ். டி.டி.எஸ். போக, ஆண்டுக்கு 10,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் வரி வரும் என்றால், ஆண்டு முடியும் முன்பே தவணையாகக் கட்ட வேண்டியது. ஜூன் 15க்குள் 15 சதவீதம், செப்டம்பர் 15க்குள் 45 சதவீதம், டிசம்பர் 15க்குள் 75 சதவீதம், மார்ச் 15க்குள் 100 சதவீதம் கட்டியிருக்க வேண்டும். தவறினால் மாதத்துக்கு 1 சதவீதம் என்ற கணக்கில் வட்டி. சிறு வியாபாரிகள் விற்பனையில் குறிப்பிட்ட சதவீதத்தை லாபமாகக் காட்டும் அனுமான வரி முறையில் இருந்தால், மார்ச் 15க்குள் ஒரே தவணையாகக் கட்டலாம். இந்தியாவில் வசிக்கும், 60 வயது நிரம்பிய, தொழில் வருமானம் இல்லாதவர்களுக்கு அட்வான்ஸ் டாக்ஸே கிடையாது. நம் தலைமை ஆசிரியர் இந்தப் பிரிவில் வருகிறார்.

300 - செல்ஃப் அசெஸ்மென்ட் டாக்ஸ். ஆண்டு முடிந்த பின்னர், ரிட்டர்ன் தாக்கல் செய்யும் முன், பாக்கியை நீங்களே கணக்கிட்டுக் கட்டுவது. தலைமை ஆசிரியர் 40,910 ரூபாயை இதில்தான் கட்ட வேண்டும். ரிட்டர்ன் தாக்கலுக்கான கடைசி நாள் தாண்டி விட்டால் இவருக்கும் மாதம் 1 சதவீத வட்டி சேரும்.

400 - ரெகுலர் அசெஸ்மென்ட் டாக்ஸ். ரிட்டர்னைப் பார்த்து விட்டு, "இன்னும் இவ்வளவு பாக்கி" என்று துறை நோட்டீஸ் அனுப்பினால் கட்டுவது. வழக்கமாக 30 நாள் அவகாசம் தரப்படும். அதற்குள் கட்டாவிட்டால் இதற்கும் மாதம் 1 சதவீத வட்டி உண்டு.

எந்த ஆண்டு?

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரை வந்த வருமானம் 2025-26 நிதியாண்டைச் சேர்ந்தது. ஆனால், அதற்கான வரியைக் கட்டும்போது தேர்ந்தெடுக்க வேண்டிய அசெஸ்மென்ட் ஆண்டு 2026-27. அதாவது, வருமானம் வந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு. தலைமை ஆசிரியர் அவசரத்தில் 2025-26 என்று தேர்ந்தெடுத்தால், அவர் கட்டிய 40,910 ரூபாய் அதற்கு முந்தைய ஆண்டின் கணக்கில் போய் உட்கார்ந்து விடும். இந்த ஆண்டுக் கணக்கில் பாக்கி நிற்கும். வட்டியுடன் நோட்டீஸ் வரும்.

இந்தக் குழப்பத்தைப் போக்கத்தான் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டத்தில் "டாக்ஸ் இயர்" என்ற ஒரே பெயர் கொண்டு வரப்பட்டது. 2026 ஏப்ரல் 1 முதல் ஈட்டும் வருமானத்துக்கு இது பொருந்தும். 2026-27இல் ஈட்டும் வருமானத்துக்கு டாக்ஸ் இயரும் 2026-27தான். அதற்கு முந்தைய வருமானங்களுக்குப் பழைய அசெஸ்மென்ட் ஆண்டுக் கணக்கே தொடரும். எனவே, திரையில் ஆண்டைத் தேர்ந்தெடுக்கும் முன், "இந்த வருமானம் எந்த மாதம் வந்தது?" என்று ஒரு முறை உங்களையே கேட்டுக் கொள்ளுங்கள்.

தளத்தைத் திறக்கும் முறை

பிரவுசரைத் திறந்து, மேலே உள்ள அட்ரஸ் பாரில் இன்கம்டாக்ஸ் டாட் ஜி.ஓ.வி. டாட் ஐ.என். என்ற முகவரியை ஆங்கில எழுத்துகளில் இடைவெளி இன்றி டைப் செய்து என்டர் தட்டவும். தேடுதல் தளத்தில் தேடி, முதலில் வரும் லிங்க்கைக் கிளிக் செய்ய வேண்டாம். அது விளம்பரமாக இருக்கலாம், போலியாகவும் இருக்கலாம். மெயிலிலோ எஸ்.எம்.எஸ்.ஸிலோ வந்த லிங்க் வழியாகவும் போக வேண்டாம். முகவரியின் கடைசியில் ஜி.ஓ.வி. டாட் ஐ.என். என்று முடிகிறதா என்று பாருங்கள். அரசுத் தளங்களுக்கு உரிய அடையாளம் அது. சரியாக வந்து விட்டால், புக் மார்க் செய்து கொள்ளுங்கள். அடுத்த முறை டைப் செய்யும் வேலை மிச்சம்.

படிப்படியாக...

இதற்கு யூசர் ஐ.டி., பாஸ்வேர்ட் எதுவும் தேவையில்லை. பான் எண்ணும் ஒரு மொபைல் போனும் இருந்தால் போதும்.

1. முகப்புப் பக்கத்தில் "குயிக் லிங்க்ஸ்" என்ற பட்டியல் இருக்கும். அதில் "இ-பே டாக்ஸ்" என்பதில் கிளிக் செய்திடவும்.

2. பான் எண்ணை இரண்டு முறை டைப் செய்திடவும். கீழே மொபைல் எண் தந்து, "கன்டினியூ" பட்டனை அழுத்தவும்.

3. மொபைலுக்கு ஆறு இலக்க ஓ.டி.பி. வரும். அதைக் கட்டத்தில் டைப் செய்திடவும். உடனே உங்கள் பெயரின் சில எழுத்துகள் மட்டும் தெரியும்படி திரையில் காட்டப்படும். இது உங்கள் பெயர்தானா என்று பாருங்கள். பான் எண்ணில் ஓர் எழுத்து மாறினாலும் வேறு ஒருவர் கணக்கில் பணம் போய் விடும்.

4. அடுத்து பல கட்டங்கள் தோன்றும். "இன்கம் டாக்ஸ்" என்ற கட்டத்தில் "ப்ரொசீட்" அழுத்தவும்.

5. ஆண்டையும், மேலே சொன்ன தலைப்பையும் தேர்ந்தெடுக்கவும். நம் எடுத்துக்காட்டில் அசெஸ்மென்ட் ஆண்டு 2026-27, தலைப்பு 300.

6. தொகைக்கான பக்கத்தில் வரி, சர்சார்ஜ், செஸ், வட்டி, அபராதம் எனத் தனித் தனிக் கட்டங்கள் இருக்கும். தலைமை ஆசிரியர் வரிக் கட்டத்தில் 37,952, செஸ் கட்டத்தில் 2,958 என்று தருவார். கீழே மொத்தம் 40,910 என்று வருகிறதா எனச் சரி பார்க்க வேண்டும்.

7. பணம் கட்டும் வழியைத் தேர்ந்தெடுத்து, அடுத்து வரும் முன்னோட்டப் பக்கத்தை நிதானமாகப் படியுங்கள். பான், ஆண்டு, தலைப்பு, தொகை. இந்த நான்கும் சரி என்றால் மட்டும் "பே நவ்" அழுத்தவும்.

மொபைல் எண் உங்களுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பணமும் வேறு ஒருவர் வங்கிக் கணக்கிலிருந்து போகலாம். பான் எண் மட்டும் வரி கட்ட வேண்டியவருடையதாக இருக்க வேண்டும். எனவே, சென்னையில் வேலை பார்க்கும் மகள் அங்கிருந்தே அப்பாவின் வரியைக் கட்டலாம்.

உங்களுக்கு ஏற்ற வழி எது?

நெட் பேங்கிங்: ஸ்டேட் பேங்க், இந்தியன் பேங்க், இந்தியன் ஓவர்சீஸ் பேங்க், கனரா பேங்க், கரூர் வைஸ்யா பேங்க், சிட்டி யூனியன் பேங்க் எனப் பல வங்கிகள் வரி வாங்க அனுமதி பெற்றவை. உங்கள் வங்கி பட்டியலில் இருந்தால் இதுவே எளிய வழி. இரவு பகல் எந்த நேரமும் கட்டலாம்.

டெபிட் கார்டு: நேரடியாக டெபிட் கார்டு மூலம் வாங்கும் வங்கிகள் சிலவே. பட்டியலில் உங்கள் வங்கி இல்லையென்றால் அடுத்த வழிக்குப் போகலாம்.

பேமெண்ட் கேட்வே: எந்த வங்கியின் நெட் பேங்கிங், டெபிட் கார்டு, கிரெடிட் கார்டு, யு.பி.ஐ. என எல்லாவற்றையும் ஏற்கும் வழி. ஆனால், சில முறைகளுக்குக் கட்டணம் உண்டு. பணம் செலுத்தும் முன் அது திரையில் காட்டப்படும். ரூபே டெபிட் கார்டுக்கும் யு.பி.ஐ.க்கும் கட்டணம் இல்லை. கிரெடிட் கார்டில் கட்டினால் கட்டணம் உண்டு. கார்டு பில்லை நாள் தவறிக் கட்டினால் அதற்கு வட்டியும் சேரும். எனவே யோசித்துச் செய்யவும்.

யு.பி.ஐ. மூலம் வரி கட்டும் உச்ச வரம்பு 2024 செப்டம்பரில் ஒரு பரிமாற்றத்துக்கு 5 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. உங்கள் வங்கி அதை விடக் குறைவாக வரம்பு வைத்திருக்கலாம். கம்ப்யூட்டர் திரையில் வரும் க்யூ.ஆர். கோடை மொபைலில் ஸ்கேன் செய்து, பின் எண் தந்தால் வேலை முடிந்தது.

நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ்.: உங்கள் கணக்கு கிராம வங்கி போன்ற, பட்டியலில் இல்லாத வங்கியில் இருந்தால் இது கை கொடுக்கும். இதைத் தேர்ந்தெடுத்ததும் ஒரு படிவம் உருவாகும். அதில் உள்ள கணக்கு எண், ஐ.எஃப்.எஸ்.சி. கோட், தொகை ஆகியவற்றை அப்படியே பயன்படுத்திப் பணம் அனுப்ப வேண்டும். படிவத்தை பிரின்ட் எடுத்து வங்கியிலும் தரலாம். ஆர்.டி.ஜி.எஸ். 2 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் அனுப்ப மட்டுமே. கடைசி நாள் வரை காத்திருக்காமல் இரண்டு நாள் முன்பே அனுப்பி விடுவது நல்லது.

வங்கி கவுன்டர்: நெட் பேங்கிங் பிடிக்காது, கார்டும் இல்லை என்பவர்கள் கம்ப்யூட்டரில் சலானை மட்டும் தயாரித்து, பிரின்ட் எடுத்து, தேர்ந்தெடுத்த வங்கியில் கட்டலாம். ரொக்கமாக என்றால் 10,000 ரூபாய் வரைதான். அதற்கு மேல் செக் அல்லது டி.டி. மட்டுமே.

கடைசி இரண்டு வழிகளிலும் சி.ஆர்.என். எனப்படும் சலான் எண் ஒன்று தரப்படும். இது 15 நாள்கள் செல்லும். அதற்குள் பணம் கட்டாவிட்டால் புதிய சலான் தயாரிக்க வேண்டும். பழையதால் நஷ்டம் எதுவும் இல்லை.

ரசீதில் மூன்று எண்கள்

பணம் கட்டியதும் ரசீது திரைக்கு வரும். உடனே "டவுன்லோட்" செய்து, "வருமான வரி" என்று ஒரு போல்டர் உருவாக்கி, ஆண்டின் பெயரில் சேமித்து வையுங்கள். ஒரு பென் டிரைவிலும் காப்பி எடுத்து வைக்கவும்.

ரசீதில் மூன்று விவரங்கள் முக்கியம். ஒன்று, வங்கிக் கிளையைக் குறிக்கும் 7 இலக்க பி.எஸ்.ஆர். கோட். இரண்டு, பணம் கட்டிய தேதி. மூன்று, 5 இலக்க சலான் வரிசை எண். ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது இந்த மூன்றையும் தொகையையும் கேட்பார்கள். எண் மாறினால், நீங்கள் கட்டிய பணம் கணக்கில் ஒட்டாது. ஆகவே, ரிட்டர்னை அனுப்பும் முன் ரசீதைப் பக்கத்தில் வைத்துக் கொண்டு ஒப்பிட்டுப் பாருங்கள். சில நாள்களில் இந்தத் தொகை படிவம் 26 ஏ.எஸ்.ஸிலும் தோன்றும்.

கரண்ட் போய் விட்டால்?

பாதியில் மின்சாரமோ இணைப்போ துண்டிக்கப்பட்டால் பதற வேண்டாம். வங்கிக் கணக்கிலிருந்து பணம் போய் விட்டதா என்று முதலில் பாருங்கள். போகவில்லை என்றால் மீண்டும் முயற்சிக்கலாம். போயிருந்து ரசீது வரவில்லை என்றால், உடனே இரண்டாம் முறை கட்ட வேண்டாம். சற்றுப் பொறுத்து, தளத்தில் லாக் இன் செய்து, இ-பே டாக்ஸ் பிரிவில் "பேமெண்ட் ஹிஸ்டரி" என்ற டேப்பைப் பாருங்கள். பல நேரங்களில் ரசீது அங்கே வந்திருக்கும். மறுநாளும் வரவில்லை என்றால் வங்கியை அணுகவும்.

தவறான ஆண்டைத் தேர்ந்தெடுத்துக் கட்டி விட்டீர்களா? அதற்கும் வழி உண்டு. லாக் இன் செய்து, "சர்வீசஸ்" மெனுவில் "சலான் கரெக்ஷன்" தேர்ந்தெடுக்கவும். ஆண்டை மாற்ற, பணம் கட்டிய நாளிலிருந்து 7 நாள் அவகாசம். 100, 300, 400 என்ற தலைப்பை மாற்ற 30 நாள். ஒரு சலானை ஒரு முறைதான் திருத்த முடியும். கெடு தாண்டி விட்டால் உங்கள் பகுதிக்குரிய வருமான வரி அதிகாரியிடம் விண்ணப்பிக்க வேண்டியதுதான். அதனால்தான் ரசீதை அன்றே படித்துப் பார்க்கச் சொல்கிறோம். அன்றே கண்டுபிடித்த தவறை வீட்டிலிருந்தே சரி செய்யலாம்.

நோட்டீஸ் வந்தால்

"உங்கள் வரி பாக்கி இவ்வளவு. இன்றே கட்டாவிட்டால் நடவடிக்கை" என்று ஒரு மெயில் வருகிறது. கீழே ஒரு லிங்க், அல்லது ஒரு க்யூ.ஆர். கோட். உடனே கட்ட வேண்டுமா? கூடாது!

2019 அக்டோபர் 1 முதல், துறை அனுப்பும் கடிதங்களில் "டின்" எனப்படும் ஆவண அடையாள எண் இருக்க வேண்டும். வருமான வரித் தளத்தின் முகப்பில், குயிக் லிங்க்ஸ் பட்டியலிலேயே, நோட்டீஸ் உண்மையானதா என்று சோதிக்கும் வசதி உள்ளது. அந்த எண்ணை அங்கே தந்தால், துறை அனுப்பியதா இல்லையா என்பது தெரிந்து விடும்.

உண்மையான நோட்டீஸ் என்றாலும், மெயிலில் உள்ள லிங்க்கைத் தொட வேண்டாம். நீங்களே தளத்துக்குப் போய் லாக் இன் செய்து, "பென்டிங் ஆக்ஷன்ஸ்" மெனுவில் நிலுவைத் தொகை பற்றிய பகுதியைத் திறக்கவும். எந்த ஆண்டுக்கு, எவ்வளவு என்று இருக்கும். கணக்கு சரி என்றால் அங்கேயே கட்டலாம். ஆண்டும் தலைப்பும் தானாகவே வந்து விடுவதால் தவறு நேர வாய்ப்பு குறைவு. "நான் ஏற்கெனவே கட்டி விட்டேன்" என்றால், உடன்படவில்லை என்ற பதிலைத் தேர்ந்தெடுத்து, சலான் விவரங்களைத் தரலாம். சேமித்து வைத்த அந்த ரசீது இங்கே கை கொடுக்கும். ஒரே தடவையில் கட்ட முடியாத பெரிய தொகை என்றால், அவகாசமோ தவணையோ கேட்டு வருமான வரி அதிகாரிக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால், பதில் எதுவும் தராமல் சும்மா இருந்து விடாதீர்கள். வட்டி ஏறிக் கொண்டே போகும். அடுத்த ஆண்டு உங்களுக்கு வர வேண்டிய ரீபண்டையும் இந்தப் பாக்கிக்கு ஈடு செய்து விடலாம்.

கவனம் தேவை

* வருமான வரித் துறை உங்கள் பாஸ்வேர்ட், பின் எண், கார்டு விவரங்களை மெயிலிலோ போனிலோ கேட்பதில்லை. கேட்பவர் மோசடிக்காரர்.

* தனி நபரின் யு.பி.ஐ. முகவரிக்கோ, வாட்ஸ்அப்பில் வந்த க்யூ.ஆர். கோடுக்கோ வரிப் பணம் அனுப்பாதீர்கள். நீங்களே திறந்த தளத்தில், நீங்களே உருவாக்கிய சலானுக்கு மட்டும் கட்டவும்.

* பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டரில் நெட் பேங்கிங் வேண்டாம். வேறு வழியே இல்லை என்றால் சலானை மட்டும் அங்கே பிரின்ட் எடுத்து வங்கியில் கட்டுங்கள்.

* பிறர் செய்து தந்தால், ரசீதின் காப்பியை அப்போதே கேட்டு வாங்கவும். "கட்டி விட்டேன்" என்ற வாய்ச் சொல் ரசீது ஆகாது.

* தளத்தைப் பயன்படுத்துவதில் சந்தேகம் இருந்தால் 1800 103 0025 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம்.

முதல் முறை செய்யும்போது சற்றுத் தயக்கமாகத்தான் இருக்கும். "பே நவ்" பட்டனை அழுத்தும் வரை எதுவும் நடந்து விடாது. எத்தனை முறை வேண்டுமானாலும் பின்னால் போய் மாற்றலாம். எனவே, கடைசி நாளுக்குப் பத்து நாள் முன்பாக, ஒரு ஓய்வான மாலையில் உட்காருங்கள். பான், ஆண்டு, தலைப்பு, தொகை என்று ஒரு தாளில் எழுதி மானிட்டர் பக்கத்தில் வைத்துக் கொள்ளுங்கள். திரையில் வருவதை அந்தத் தாளுடன் ஒப்பிட்டுப் பார்த்து, பிறகு அழுத்துங்கள். ரசீதை சேமித்து விட்டு கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்யுங்கள். அடுத்த பவுர்ணமிக்கு டவுனுக்குப் போக வழி இருக்குமா என்ற கவலை இல்லாமல், நீங்களும் நிம்மதியாகக் கிரிவலம் கிளம்பலாம்!